5 லிட்டர் கை பம்ப் ஸ்ப்ரேயர்: மூன்றே வாரத்தில் காற்று நிற்கவில்லை, சரி செய்ய வழி உண்டா?

குடமுருட்டிக்கரை (பாபநாசம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கொல்லை ஆறு சென்ட். கத்தரி, மிளகாய், செம்பருத்தி, நாலு வரிசை மல்லிகை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, மிளகாயில் இலைப்பேன். இதற்காக ஆன்லைனில் வாங்கிய 5 லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர், விலை 780 ரூபாய். மூன்று வாரத்தில் ஐந்து முறைதான் அடித்தது. இப்போது உள்ள கோளாறு:

பம்ப் அடித்துவிட்டுக் கையை எடுத்தால் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது. 25 அடி அடித்தால் ஒரு நிமிஷம் புகை மாதிரி வருகிறது, அப்புறம் கோடாக ஒழுகுகிறது. டிரிக்கரை விட்ட பிறகும் சொட்டு நிற்பதில்லை, மருந்து மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்குகிறது. நாசில் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது.

அடிப்பது வேப்பெண்ணெய் (லிட்டருக்கு 30 மில்லி, காதி சோப்பு போட்டு), இடையில் பஞ்சகவ்யா. தண்ணீர் வீட்டு போர் தண்ணீர்.

பெட்டியில் ஒரு உபரி வாஷர்கூட இல்லை. விற்றவர்களைக் கேட்டால் உதிரிப்பாகம் கிடையாது, திருப்பி எடுக்கும் 10 நாள் கெடு முடிந்துவிட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அஞ்சு ரூபாய் ரப்பருக்காக 780 ரூபாய்ப் பொருளைக் குப்பையில் போடச் சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரி செய்யலாமா, விட்டுவிட்டு வேறு வாங்குவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓரிங்வாஷர் (தஞ்சாவூர்)

தம்பி, கைப்பிடி தானா எழும்புதுன்னா கோளாறு எங்கேன்னு அதுவே காட்டிக்கொடுத்துடுது. பம்ப் உருளைக்கு அடியில ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும், குடை மாதிரியோ வட்டத் தகடு மாதிரியோ. காற்றை டேங்குக்குள்ள விடும், திரும்பி வர விடக்கூடாது. அது சரியா உட்காரலைன்னா டேங்க் அழுத்தம் உருளைக்குள்ள ஏறி பிஸ்டனைத் தூக்குது. பிஸ்டன் ஓரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்) போயிருந்தா வேற மாதிரி இருக்கும்: கைப்பிடி தடையே இல்லாம இறங்கும், எத்தனை அடி அடிச்சாலும் காற்று ஏறாது. உங்களுக்குக் காற்று ஏறுது, நிக்கலை. அதனால ஓரிங்கை இப்போ தொடாதீங்க.

பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. மருந்து ஒரு சொட்டு இல்லாம டேங்கைக் கழுவி, வெறும் தண்ணி 3 லிட்டர் ஊத்துங்க. கைப்பிடி கெட்டியாகிற வரைக்கும் 15, 20 அடி. பாத்திரம் விளக்குற லிக்விட் ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணியில நுரைக்கக் கலக்கி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால கழுத்து மூடி, சேஃப்டி வால்வு, ஓஸ் டேங்கில மாட்டுற இடம், டிரிக்கரோட ரெண்டு முனை, லான்ஸ் (நாசில் மாட்டியிருக்கிற நீளக் குழாய்) நட்டு, எல்லா இடத்துலயும் தடவுங்க. குமிழி வர்ற இடத்துல கசிவு. பத்து நிமிஷம் கழிச்சு சேஃப்டி வால்வைத் தூக்கிக் காற்றை முழுசா விட்டுட்டு, பம்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்க. உருளைக்குள்ள இருந்து தண்ணி கொட்டினா அடி வால்வுதான், சந்தேகமே இல்லை.

அடி வால்வு ரப்பரை நகத்தால மெதுவா திருகி எடுத்து ஒரு கண்ணாடி மேல வைங்க. தட்டையா படியணும். ஓரம் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சிருந்தா எண்ணெய் குடிச்சு ஊதிப்போச்சுன்னு அர்த்தம். ரப்பர் நல்லா இருந்தா அது உட்கார்ற பிளாஸ்டிக் வட்டத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நகத்தால சுத்தி வருடிப் பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சேஃப்டி வால்வுல குமிழி வந்தா எம்-சீல் வச்சு அடைச்சுடாதீங்க. நிறையப் பேர் செய்யறாங்க. அழுத்தம் மீறினா திறக்கிறதுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். மெல்லிய பிளாஸ்டிக் டேங்க், மேல வெயில், முகத்துக்குப் பக்கத்துல மூடி. வண்டிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரை வச்சு ஏத்துறதும் அதே அளவு ஆபத்து.

---

வெண்ணாற்றுப் பாசனம் (மன்னார்குடி)

ஒரு நிமிஷத்தில் புகை நின்று கோடாக ஒழுகுவதில் பாதி மெஷினின் குற்றம், பாதி நிரப்பும் அளவின் குற்றம். கழுத்து வரை ஊற்றுகிறீர்களா?

இந்த டேங்கில் மருந்தைத் தள்ளுவது மேலே அடைபட்டிருக்கும் காற்றுதான். காற்றுக்கு 1 லிட்டர் இடம் விட்டு 2 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் ஏற்றினால், வெளிக்காற்றின் 1 கிலோவையும் சேர்த்து உள்ளே 3. ஒரு லிட்டர் மருந்து வெளியே போனதும் அதே காற்று 2 லிட்டர் இடத்தில் பரவும். 3 என்பது ஒன்றரையாகக் குறையும். வெளிக்காற்றைக் கழித்தால் மிச்சம் அரை கிலோ. அரை கிலோவில் இந்த நாசில் புகையாக அடிக்காது. அதையே 2 லிட்டர் இடம் விட்டு ஏற்றினால், ஒரு லிட்டர் போன பிறகும் 1 கிலோ நிற்கும். அதற்காகத்தான் 5 லிட்டர் டேங்கில் மூன்று, மிஞ்சினால் மூன்றரை லிட்டர் என்பது. நடுவில் ஒரு தடவை பத்து அடி போட வேண்டியது எப்படியும் வரும்.

வேப்பெண்ணெய் விஷயம். லிட்டருக்கு 30 மில்லி என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 3 சதவீத அளவுதான், தப்பில்லை. 3 லிட்டருக்கு 90 மில்லி. கலக்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். டேங்கில் தண்ணீர் ஊற்றி அதன் தலையில் எண்ணெயை ஊற்றினால் அது மிதக்கும். உறிஞ்சுகுழாய் அடியில் இருப்பதால் முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் எண்ணெய் மட்டும் போய் மிளகாய்க் கொழுந்து கருகும். சோப்பை லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் முழுக்கக் கரைத்து, அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடிக்க வேண்டும். மோர் மாதிரி வெள்ளையாகி, ஐந்து நிமிஷம் வைத்தாலும் மேலே எண்ணெய்ப் படலம் கட்டாமல் இருந்தால் சரி. அப்புறம்தான் மீதித் தண்ணீர். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். அடிப்பது சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு.

பஞ்சகவ்யா 3 சதவீதம் என்றால் 3 லிட்டருக்கு 90 மில்லி. நாசில் அடைப்புக்கு எண்ணெயைவிட இதுதான் பெரிய காரணம். சாணத்தின் நார் கண்ணுக்கே தெரியாது. டீ வடிகட்டி போதவே போதாது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, முதலில் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து, பிறகு பிழியாமல் வடிய விட வேண்டும். பிழிந்தால் நார் துணியைத் தாண்டி வந்துவிடும்.

---

உப்பனாறு (சீர்காழி)

சார், போர் தண்ணீர்னு எழுதியிருக்கீங்க. நாசில் அடைச்சப்போ உள்ளே இருந்தது பச்சையா நாரா, வெள்ளையா தயிர்த் துணுக்கு மாதிரியா? வெள்ளைன்னா அது சோப்பு. கடினத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்புச் சத்தோட சோப்பு சேர்ந்து திரிஞ்சு போகும். கடலோரம் வர வர இந்தத் தொல்லை அதிகம், எங்க பக்கமும் வேதாரண்யம் பக்கமும் கேட்கவே வேண்டாம்.

ஒரு பாட்டில்ல பாதி தண்ணி, சீவின சோப்பு ஒரு சிட்டிகை, நல்லா குலுக்குங்க. நுரை எழும்பி நின்னா நல்ல தண்ணி. நுரை வராம திரிஞ்ச பால் மாதிரி ஆனா அந்தத் தண்ணிக்கு சோப்பு ஆகாது. சோப்புக்குப் பதிலா டீபால் (திரவ டிடர்ஜென்ட்) லிட்டருக்கு 1 மில்லி போடுங்க, கடினத் தண்ணியிலயும் திரியாது. இல்லைன்னா மழைத்தண்ணி. ஆற்றுல தண்ணி ஓடுற மாசத்துல வாய்க்கால் தண்ணியும் நல்லதுதான், ஆனா ஒரு ராத்திரி குடத்துல தெளிய வச்சு மேலாக எடுக்கணும். மேட்டூர் திறந்து புதுத் தண்ணி வர்றப்போ அதுல இருக்கிற வண்டல் நாசில் ஓட்டையை அரிச்சுப் பெருசாக்கிடும்.

ஏற்கெனவே உப்பு படிஞ்ச நாசிலை ஊசியால குத்தாதீங்க. ஓட்டை கோணலாப் போச்சுன்னா கூம்பு மாதிரி விரிஞ்சு அடிக்கிறது ஒருபக்கமா சாயும், அதுக்கு வைத்தியம் கிடையாது. பித்தளை நாசிலுக்குப் புளித்தண்ணி அரை மணி நேரம், அப்புறம் பழைய டூத் பிரஷ். பிளாஸ்டிக்னா வெந்நீர், பிரஷ், அவ்வளவுதான். நாசிலைக் கழற்றும்போது உள்ளே சாய்வா வெட்டுக் கோடு போட்ட சின்னத் துண்டு ஒண்ணு விழும், பட்டாணி அளவு. மருந்தைச் சுழல விடுறது அதுதான். கழுவுற இடத்துல தொலைஞ்சுபோச்சுன்னா புகை வராது, கோடுதான் வரும்.

---

குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே பார்த்தேன்.

உருளையைக் கவிழ்த்ததும் கால் டம்ளர் தண்ணீர் கொட்டியது. ரப்பரைக் கண்ணாடி மேல் வைத்தால் ஓரம் ஒருபக்கம் லேசாகத் தூக்குகிறது. அதைவிட முக்கியம், ரப்பர் உட்காரும் பிளாஸ்டிக் வட்டத்தில் குறுக்கே ஒரு மெல்லிய மேடு, தலைமுடி கனம் இருக்கும். வட்டத்தின் இரண்டு எதிர்ப்பக்கமும் அதே நேர்கோட்டில். நகம் தட்டுகிறது. சோப்பு நுரை வைத்ததில் ஓஸ் மாட்டும் இடத்திலும் டிரிக்கர் பின்முனையிலும் குமிழி. சேஃப்டி வால்வு நன்றாக இருக்கிறது. நாசிலில் இருந்தது வெள்ளைத் துணுக்கு. தண்ணீர் பாட்டிலில் திரிந்துபோனது. இதுவரை நிரப்பியது 5 லிட்டர் கோடு வரை.

அந்த மேட்டை பிளேடால் சீவிவிடலாமா அண்ணே?

---

ஓரிங்வாஷர்

பிளேடு வேண்டவே வேண்டாம். அது அச்சுக் கோடு. பிளாஸ்டிக் வார்க்கிற அச்சு ரெண்டு பாதி சேர்ற இடத்துல பிசிர் வரும். பொறுப்பா செய்யறவங்க வால்வு உட்கார்ற இடத்தை அந்தக் கோடு கடக்காத மாதிரி அச்சை வெட்டுவாங்க, இல்லைன்னா வார்த்த பிறகு தேய்ச்சு எடுப்பாங்க. இவங்க ரெண்டும் செய்யலை. அதனால உங்க டேங்க் புதுசுலயே கசிஞ்சிருக்கும், ரப்பர் மெத்துனு இருந்தப்போ மேட்டை ஓரளவு மூடிக்கிட்டிருந்துச்சு. எண்ணெய் பட்டு ஓரம் தூக்கினதும் வெளியே தெரிஞ்சுடுச்சு.

---

அரசலாறு (கும்பகோணம்)

தேய்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த அச்சுக் கோடு தயாரிப்புக் குறைபாடு, நீங்கள் பயன்படுத்தியதால் வந்த தேய்மானம் இல்லை. கையை வைத்துவிட்டால் அந்த வாதம் போய்விடும். அப்படியே வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். கைப்பிடி எழும்புவதை அரை நிமிஷ வீடியோவாக எடுங்கள். பில், பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு (தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், விலை), உதிரி கிடையாது என்று சொன்ன செய்தி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

10 நாள் கெடு என்பது அவர்கள் வசதிக்கு வைத்தது. 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளது என்றால் விற்பவர் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக்கூடாது. அந்தத் தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் பெயர் போட்டிருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரில் ‘சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘பம்ப் அடி வால்வு இருக்கையில் (ரப்பர் உட்காரும் வட்டத்தில்) அச்சுப் பிசிர் உள்ளது, அதனால் டேங்க் அழுத்தம் உருளைக்குள் திரும்புகிறது’ என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் தட்டிக்கழிப்பது சிரமம்.

நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போகலாம். 780 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது, பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே பணம் வந்துவிடும். கேட்காமல் விட்டால்தான் அடுத்தவர் கொல்லைக்கும் இதே டேங்க் போகும்.

---

ஓரிங்வாஷர்

அரசலாறு சொல்றது ரொம்ப நியாயம். முதல்ல புகார், பிறகு கை வைங்க. பணம் வந்து டேங்கைத் திருப்பி எடுக்கலைன்னாலும், வரவே இல்லைன்னாலும், இப்படிச் செய்யலாம்.

பென்சில் மாதிரி குச்சி ஒண்ணு, வால்வு இருக்கை அகலத்துக்குச் சமமா, முனை சரியா தட்டையா இருக்கணும். 600 நம்பர் எமரி பேப்பரை வட்டமா வெட்டி முனையில ஒட்டுங்க. ரப்பரோட காம்பு நுழையற ஓட்டைக்கு நேரா பேப்பர் நடுவுலயும் ஓட்டை போட்டுடுங்க. தண்ணி தொட்டு, அழுத்தாம, குச்சியைச் செங்குத்தா வச்சு பத்து சுத்து. நகம் தட்டுதான்னு பாருங்க, மறுபடி பத்து. மேடு போனதும் 1000 நம்பர்ல இருபது சுத்து. சாய்ஞ்சுடுச்சுன்னா இருக்கை ஒருபக்கம் பள்ளமாகும், அதுக்கப்புறம் எந்த ரப்பரும் நிக்காது. தேய்ச்ச தூளை நல்லா கழுவுங்க.

ரப்பருக்கு சைக்கிள் டியூப் வெட்டிப் போடலாம்னு யாராவது சொல்வாங்க. வெறும் தண்ணிக்கு ஓடும், வேப்பெண்ணெய்க்கு ஊதிப்போகும். கடையில நைட்ரைல் ரப்பர்னு கேளுங்க, எண்ணெய்க்கு அதுதான் தாங்கும். பழைய துண்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. ஓரிங்குனா உள்விட்டமும் கனமும் ரெண்டும் பொருந்தணும். கனம் அரை மில்லி கூடினா கைப்பிடி இறுகும், குறைஞ்சா காற்று போகும்.

ஓஸ் முனையில டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அது மரை போட்ட இடத்துக்குத்தான். ஓஸ் நுனி ஒரு அங்குலம் தளர்ந்திருக்கும், அதை நேரா வெட்டி எறிஞ்சுட்டு, வெந்நீர்ல முக்கிச் செருகி ஸ்டீல் கிளாம்ப் போடுங்க. டிரிக்கர்ல பின்முனை மூடி மரையா இருந்தா திறங்க. உள்ளே ஸ்பிரிங், ஒரு ஊசி, அதுல ரெண்டு சின்ன ஓரிங் இருக்கும், அதை மாத்தினா சொட்டு நிக்கும். ரெண்டு பாதியையும் ஒட்டி மூடியிருந்தா திறக்க முயற்சி செஞ்சு நேரத்தை வீணாக்காதீங்க. 16 லிட்டர் முதுகு டேங்குக்கு விக்கிற டிரிக்கரை ஓஸ் உள்விட்டம் பார்த்து வாங்கி மாட்டிக்கலாம், அதுக்கு உதிரி எப்பவும் கிடைக்கும்.

மசகுக்கு சிலிக்கான் கிரீஸ் ஒரு பயறு அளவு போதும். தேங்காயெண்ணெய் போடறது பழைய தோல் வாஷருக்குச் சரி. ஓரிங்குக்குப் போட்டா மார்கழிக் காலையில உறைஞ்சு பிஸ்டனைப் பிடிக்கும்.

---

வெண்ணாற்றுப் பாசனம்

எந்த டேங்காக இருந்தாலும் அடித்து முடித்த பிறகு செய்வதில்தான் ரப்பரின் ஆயுள் இருக்கிறது. மிச்ச மருந்தோடு ஒரு வாரம் வைத்தால் நைட்ரைல்கூடத் தாங்காது. அரை அரை லிட்டராக மூன்று தடவை தண்ணீர் விட்டு, மூன்று தடவையும் பம்ப் அடித்து நாசில் வழியாகவே வெளியேற்றுங்கள். டேங்கை மட்டும் அலசினால் ஓஸுக்குள் எண்ணெய் தங்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த அன்று முதல் அலசலில் துளி டீபால் சேருங்கள். பம்பைக் கழற்றி டேங்கைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வெயில் படும் திண்ணையில் வைத்தால் டேங்க் வெளிறி நொறுங்க ஆரம்பிக்கும்.

---

குடமுருட்டிக்கரை

புகார் அனுப்பிவிட்டேன், படங்களோடு. ஒருவேளை பணம் வந்தால் அடுத்து வாங்கும்போது கடையில் எதைப் பார்ப்பது? 16 லிட்டர் பேட்டரி டேங்க் எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, வரப்பில் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கவும் இதையே பயன்படுத்தலாமா?

---

ஓரிங்வாஷர்

ஆறு சென்டுக்கு 16 லிட்டர் அதிகம். மருந்து மட்டுமே 16 கிலோ, பேட்டரி கனம் தனி. கத்தரிச் செடிக்கு நடுவுல அதைச் சுமந்துக்கிட்டுக் குனிய முடியாது, 3 லிட்டர் கலந்தா அடியில கிடக்கும். 5 இல்லைன்னா 8 லிட்டர் கை பம்பே போதும், ஆனா உள்ளூர் கடையில வாங்குங்க. மருந்தடிக்கிற டேங்க் ரிப்பேர் பண்ற கடையா இருந்தா இன்னும் நல்லது. ‘இதுக்கு வாஷர் செட் எடுங்க’ன்னு முதல்ல கேளுங்க. எடுத்துக் காட்ட முடியலைன்னா அந்த மாடலே வேண்டாம்.

பம்பை அங்கேயே கழற்றச் சொல்லுங்க. அடி வால்வு இருக்கையை நகத்தால வருடுங்க, இப்போ உங்களுக்கே தெரியும் எதைத் தேடணும்னு. டிரிக்கர் மரையால திறக்கணும். லான்ஸ் பித்தளையா ஸ்டீலா இருக்கட்டும். நாசிலும் பித்தளைன்னா நல்லது, ஆனா அடி வால்வு ஒழுங்கா இருந்து நாசில் பிளாஸ்டிக்னா அதை எடுத்துக்கலாம், நாசில் தனியா மாத்திக்கலாம். கடையிலயே தண்ணி ஊத்தி ஏத்தி அரை மணி நேரம் வைங்க. கைப்பிடி எழும்பாம, திறக்கும்போது காற்று ‘புஸ்’னு நல்ல வேகமா போகணும். வீட்டுக்கு வந்ததும் நாசிலை அளவு டம்ளர்ல விட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மில்லின்னு எழுதி வச்சுக்கங்க. பின்னாடி அது பத்துல ஒரு பங்கு கூடினா நாசில் தேய்ஞ்சுடுச்சு.

---

வெண்ணாற்றுப் பாசனம்

களைக்கொல்லிக்கு இதே டேங்க் கூடவே கூடாது. 2,4-டி மாதிரி மருந்து ஓஸின் ரப்பரிலும் வாஷரிலும் ஊறி நிற்கும், மூன்று தடவை அலசினாலும் முழுக்கப் போகாது. அடுத்த வாரம் வேப்பெண்ணெய் அடிக்கும்போது அதில் கசிந்து வரும் கொஞ்சமே கத்தரிக்கும் மிளகாய்க்கும் போதும். கொழுந்து கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும், வைரஸ் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து அடிப்பீர்கள். களைக்கென்று தனி டேங்க், மேலே சிவப்புப் பெயிண்டால் பெரிதாக எழுதி, வேறு இடத்தில் வையுங்கள். ஆறு சென்ட் வரப்புக்குக் களைக்கொட்டே போதும்.